பாசிக்குக் கீழே ஒரு நாற்காலி

தேசப்பன் கேபினைத் திறந்தவுடன் உள்ளே போய்விட மாட்டார். வாசலில் நின்றபடியே கழுத்தை மட்டும் உள்ளே நீட்டிக் கூரையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். நேற்று சாயங்காலம் பூட்டும்போது இருந்த விரிசல்கள் அதே இடத்தில், அதே நீளத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். மொத்தம் பதினொன்று. பன்னிரண்டாவது ஏதும் புதிதாகப் பிறக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். சாமி படத்துக்கு ஒரு கும்பிடு, கம்ப்யூட்டருக்கு ஒரு கும்பிடு, கடைசியாக நாற்காலிக்கு ஒரு கும்பிடு. நாற்காலிக்கு எதற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்பதும் அவருடைய பயங்களில் ஒன்று.

மரக்காணத்தில் உப்பளத்துக்குள் போகும் மண்சாலையின் முனையில் அந்த எடைமேடை இருக்கிறது. உப்பு ஏற்றிய லாரி மேடைமேல் ஏறி நிற்கும். கேபினுக்குள் டிஸ்ப்ளேயில் சிவப்பாக ஓர் எண் வரும். அதைச் சீட்டில் அடித்து டிரைவர் கையில் கொடுப்பது தேசப்பன் வேலை. கிளியனூரிலிருந்து மொபெட்டில் வந்து பத்தொன்பது வருஷமாக இதைச் செய்கிறார். வயது ஐம்பத்திரண்டு. எடை மட்டும் தெரியாது. ஊர் லாரிக்கெல்லாம் எடை சொல்கிறவருக்குத் தன் எடை தெரியாது. அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். அவர் ஏறி நின்றால் ஒரு நாள் 60 காட்டும், ஒரு நாள் 70. நடுவில் எங்கேயோ அவர் இருக்கிறார்.

பயம் என்பது அவருக்கு மூக்குக் கண்ணாடி மாதிரி. கழற்றி வைத்தால் ஒன்றும் தெரியாது. ஈசிஆரில் பின்னால் வரும் பஸ், டிவியில் வானிலை சொல்கிறவர் வங்கக் கடல் பக்கம் கையை நீட்டுவது, தெரியாத நம்பரிலிருந்து வரும் போன் எல்லாவற்றுக்கும் பயம். ரத்த அழுத்தம் பார்க்கப் போனால் கையில் பட்டையைச் சுற்றும்போதே அழுத்தம் ஏறிவிடும். டாக்டர் மாத்திரை எழுதுவார். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் படித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்வார். "இந்த மனுஷனுக்குப் பயப்படறதுக்கு ஒண்ணும் கெடைக்கலைன்னா, ஏன் கெடைக்கலைன்னு பயப்படுவாரு" என்பாள் மனைவி ஞானாம்பாள்.

இதெல்லாம் சில்லறை. பெரிய பயம் தலைக்கு மேலே, ஒன்பது அடி உயரத்தில், பச்சையாக இருந்தது.

உப்புக் காற்றில் இரும்புக் கதவு மூன்றே வருஷத்தில் அப்பளமாகிவிடும் ஊர் அது. பூசிய சிமெண்ட் மாவாக உதிரும். பாசிக்கு மட்டும் அந்த விஷயத்தை யாரும் தெரிவிக்கவில்லை போலிருக்கிறது. கேபின் கூரை சிமெண்ட் ஷீட், வடக்குப் பார்த்த சரிவு, மேலே பூவரச மரத்து நிழல். ஐப்பசி மழையில் பச்சைத் தூள் தூவினாற்போல ஆரம்பிக்கும். மார்கழிக்குள் விரல் கனத்துக்கு மெத்தை போட்டுவிடும். மழை விட்டதும் வருஷா வருஷம் யாராவது ஏறிச் சுரண்டித் தள்ளுவார்கள்.

ஏறுவதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. சிமெண்ட் ஷீட் தானாக ஓர் ஆளைத் தாங்காது. அடியில் இரும்புக் குழாய் போகிற இடத்தில் மட்டும்தான் கால் வைக்கலாம். குழாய் எங்கே போகிறது என்பதை மேலே வரிசையாகத் தெரியும் போல்ட் தலைகளைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பாசி மூடிவிட்டால் போல்ட் தெரியாது. அதனால் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கீழே இருப்பவர் கேபினுக்குள் உட்கார்ந்து ஒரு கழியால் குழாயைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே இருப்பவர் சத்தம் வரும் இடத்தில் கால் வைப்பார். சத்தம் அடுத்த குழாய்க்குப் போனால் காலும் போகும். சத்தம் நின்றால் கால் நிற்கும். கயிறு கிடையாது, தலைக்கவசம் கிடையாது. இதற்கென்று எந்தப் படிவமும் இல்லாததால் வழக்கம் ஒழுங்காக நடந்து வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழியில் மேலே ஏறியவர் கலியமூர்த்தி. உப்பு வாரும் ஆள். எடைமேடையில் ஏறி நின்றால் சரியாக 80 காட்டும் உடம்பு. கீழே நாற்காலியில் உட்கார்ந்து தட்டியவர் தேசப்பன். முதல் குழாய், இரண்டாவது குழாய், எல்லாம் நல்லபடியாகப் போனது. மூன்றாவது குழாயில் தட்டும்போது கூரையிலிருந்து கொஞ்சம் தூசி வந்து அவர் மூக்கின்மேல் உட்கார்ந்தது. பின்னாலேயே 'க்ரக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

அதற்குப் பிறகு நடந்ததை தேசப்பன் ஞானாம்பாளிடம்கூடச் சொன்னதில்லை. கழியை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார். தூளியில் குழந்தை தூங்குகிற வீட்டில் எழுந்து போவதுபோல, சத்தமே வராமல் எழுந்தார். நான்கு எட்டில் வாசல். வெளியே போய்ப் பூவரச மரத்தடியில் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கூரை உடைந்தது. கலியமூர்த்தி நேராக அந்த நாற்காலிமேல் வந்து விழுந்தார். நாற்காலிக்கு ஒரு கால் போனது. கலியமூர்த்திக்கு இடுப்பு.

ஐயோ என்று முதலில் கத்தியவர் தேசப்பன். முதலில் ஓடியவரும் அவர்தான். அந்த வாரம் முழுக்க மண்சாலையில் முழங்கால் அளவு மழைத் தண்ணீர். ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. கட்டிலில் போட்டு நாலு பேர் மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு போனார்கள், அந்த நாலில் ஒருவர் தேசப்பன். வழியில் யாரோ, "நீ எங்கப்பா இருந்தே?" என்று கேட்டதற்கு அவர் வாய் தானாகச் சொன்னது: "ஒரு லாரி வந்துச்சு, சீட்டு குடுக்க எழுந்து போனேன்."

ஆம்புலன்ஸ் வர முடியாத சாலையில் லாரி எப்படி வந்தது என்று மற்ற மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீருக்குள் கட்டில் தூக்குகிறவர்களுக்கு அதெல்லாம் தோன்றாது. கரை ஏறிய பிறகு தோன்றுமே என்று தேசப்பன் இரண்டு வருஷமாகக் காத்திருந்தார்.

உப்பு சுமக்க முடியாமல் போன கலியமூர்த்தி, கேபின் சுவரை ஒட்டியே டீக்கடை போட்டார். மனைவி பாஞ்சாலை உப்பளத்துக்குப் போனது போக மீதி நேரம் கடையில். டீ எட்டு ரூபாய், கதை இலவசம். கேபினுக்குள் இருக்கும் தேசப்பனுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்கும்.

"பதினஞ்சடி உயரம்பா. மேலேர்ந்து வர்றேன், வர்றேன், வந்துக்கினே இருக்கேன். அந்த நேரம் பாத்து ஒரு லாரி வந்துச்சு, சார் சீட்டு குடுக்க எழுந்து போனாரு. இல்லேன்னா சார் இன்னிக்கி மாலை போட்ட போட்டோ. ஆம்புலன்ஸ்காரன் தண்ணி தாண்டி வர முடியாதுன்னுட்டான்."

லாரியும் ஆம்புலன்ஸும் ஒரே மூச்சில் வரும். டிரைவர்கள் உச் கொட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் தேசப்பன் விரல் கீபோர்டுமேல் அப்படியே நிற்கும். இதோ கேட்கப் போகிறான். இந்த ஆள் படித்தவன் மாதிரி இருக்கிறான், இவன் கேட்டுவிடுவான். யாரும் கேட்கவில்லை. உயரம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. முதல் மாதம் ஒன்பது அடியாக இருந்தது, ஆடியில் பதினொன்று, இப்போது பதினைந்து.

உடைந்த இடத்தில் ஷீட் துண்டு வைத்துத் தார் பூசினார்கள். நாற்காலியின் போன காலுக்கு பிவிசி குழாய் வைத்துக் கட்டினார்கள். கூரைமேல் யாரும் ஏறவில்லை. இரண்டு மழைக்காலத்துப் பாசி ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டது.

இந்த மார்கழியில் ஒரு நாள் காலை, கூரை ஓரத்திலிருந்து ஒரு பாசித் துண்டு நழுவி வாசலில் விழுந்தது. தண்ணீர் குடித்துக் கொழகொழவென்று, கிட்டத்தட்ட ஓர் அடிக்கு ஓர் அடி. வேறொருவர் என்றால் காலால் தள்ளியிருப்பார். தேசப்பன் எடைக்காரர். பிளாஸ்டிக் பையில் போட்டு மளிகைக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தார். எழுநூறு கிராம். கடைக்காரர், "இது இன்னா சார், கீரையா?" என்றார். தேசப்பன் மனசுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தார். கூரை பன்னிரண்டுக்குப் பத்து. நூற்றிருபது சதுர அடி. எண்பத்து நாலு கிலோ.

அது கலியமூர்த்தியின் எடை. அதாவது கலியமூர்த்தி கீழே விழவே இல்லை. ஈரத்தோடு மேலேயே உட்கார்ந்திருக்கிறார், இரவும் பகலும், சத்தம் வருமா என்று காத்துக்கொண்டு.

அன்றிலிருந்து நாற்காலியில் முழு உடம்பையும் வைத்து உட்கார அவரால் முடியவில்லை. பாதிதான் உட்கார்ந்தார். மீதிப் பாதி வாசலைப் பார்த்தபடி புறப்படத் தயாராக இருந்தது.

எடைமேடை முதலாளி சரவணகுமார் சென்னையில் இருக்கிறார். அப்பா காலத்து மேடை, மகன் காலத்து வாட்ஸ்அப். தேசப்பன் பாசியைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் போன் வந்தது.

"அண்ணே, வீடியோ ஒண்ணு அனுப்பினேனே, பாத்தீங்களா?"

"பாத்தேன் தம்பி."

பார்த்திருந்தார். ஏதோ ஒரு குளிர் தேசத்து மரவீடு. கையுறை போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே கூரையைக் கழுவுகிறார். பிறகு கூரை உச்சியில் துத்தநாகத் தகடு பதிக்கிறார், இருபது வருஷத்துக்குப் பாசி வராதாம். மரக்காணத்துக் காற்றில் அந்தத் தகட்டைப் பொங்கலுக்கு வைத்தால் மாட்டுப் பொங்கலுக்கு வெள்ளைப் பொடியாக அள்ளலாம்.

"அதே மாதிரி பண்ணிடுங்கண்ணே. பொங்கல் கழிஞ்சு லாரி வர ஆரம்பிச்சுடும். கூரை ஒழுகி டிஸ்ப்ளேல தண்ணி பட்டு நம்பர் ஆடிச்சுன்னா, மேடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். நீங்க வீட்டுக்கு, நான் வேற வேலைக்கு."

தேசப்பன் ஆள் தேடினார். ஒருவரும் வரவில்லை. எல்லாரும் டீ குடித்தவர்கள், கதை கேட்டவர்கள். "பதினஞ்சடி சார், நமக்கு ரெண்டு பசங்க இருக்காங்க" என்றார் ஒருவர். கூரையின் தாழ்ந்த ஓரம் அவர் தலைக்கு மேல் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது.

ஆள் கிடைக்காததில் தேசப்பனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. யாராவது மேலே ஏறினால் இவர் கீழே உட்கார வேண்டுமே. ஏறாமலே பாசியைக் கொல்ல வழி உண்டா என்று யோசித்தபோது, உப்பளத்து ஆளுக்கு வரக்கூடிய யோசனைதான் வந்தது. உப்பு. உப்புப் பட்ட இடத்தில் ஒரு புல் முளைத்துப் பார்த்ததில்லை அவர். போன பருவத்து உப்பு ஒரு மூட்டை வாங்கி டிரம்மில் கரைத்தார். மூங்கில் ஏணியில் மூன்று படி ஏறினார். நாலாவது படி அவருக்கு உயரம். அங்கே நின்று கண்ணை மூடிக்கொண்டு வாளி வாளியாகக் கூரைமேல் வீசினார். பாதி கூரையில், பாதி தலையில்.

இரண்டாம் நாள் பாசி பழுப்பாகக் கருகியது. சந்தோஷத்தில் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினார். முதலாளி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மூன்றாம் நாள் பனி பெய்தது. கூரையில் உறைந்த உப்பு பனியைக் குடித்தது. செத்த பாசி கஞ்சிபோல வழவழத்து, கூரை முழுக்க எண்ணெய் தடவிய மாதிரி ஆனது. முன்பு இருந்ததைவிட மோசம். அதன் உப்புத் தண்ணீர் விரிசல் வழியாக ஒவ்வொரு சொட்டாக உள்ளே இறங்கியது.

அன்று காலை தேசப்பன் கதவைத் திறந்து கழுத்தை நீட்டினார். மேடையில் லாரி இல்லை. ஆள் இல்லை. ஒரு காக்காய்கூட இல்லை. டிஸ்ப்ளேயில் சிவப்பாக எண் நின்றுகொண்டிருந்தது.

80.

கதவைச் சாத்திவிட்டு டீக்கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். டீயைக் கையில் வாங்கினார். டம்ளருக்கு வெளியேதான் நிறைய டீ இருந்தது. வயருக்குள் உப்புத் தண்ணீர் போயிருக்கும், துடைத்தால் சரியாகிவிடும் என்று அவருக்கே தெரியும். பாதி டீயில் எழுந்து போய்த் துடைத்துவிட்டு வந்தார், பூஜ்யமும் ஆனது. ஆனாலும் அது ஏன் 30 காட்டவில்லை, 250 காட்டவில்லை?

இதே சமயத்தில் டீக்கடையில் வேறொரு சண்டை. கடைக்கு மேல் கட்டிய தார்ப்பாயின் ஒரு முனை கேபின் கூரையில் கட்டியிருந்தது. பாசித் தண்ணீர் வழிந்து பால் சட்டியில் சொட்டிவிட்டது.

"யோவ், பாலு போச்சு!" என்றாள் பாஞ்சாலை. "அதும் உப்புத் தண்ணி. திரிஞ்சு நிக்குது பாரு."

"ஏற ஆளு வந்தா சரியாப் பூடும்" என்றார் கலியமூர்த்தி, ஊன்றுகோலால் அடுப்பை நகர்த்தியபடி.

"எவன் வருவான்? நீதான் பதினஞ்சடி, பதினஞ்சடின்னு ஊரையே பேதி கெளப்பி வச்சிருக்கியே. இன்னும் ரெண்டு மாசம் போனா நீ ஏரோப்ளேன்லேர்ந்து விழுந்தேன்னு சொல்லுவ." முந்தானையை இடுப்பில் செருகினாள். "நானே ஏர்றேன்."

பெஞ்சில் இருந்த தேசப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "நீயா? வேணாம்மா. வழுக்குது. உப்பு ஊத்தி வச்சிருக்கேன்."

"உப்புல வழுக்கறது எனக்குப் புதுசா சார்? பாத்தியில தெனம் அதுமேலதான் நிக்கறேன்." எடைமேடைமேல் போய் நின்றாள். "எவ்ளோ காட்டுது, பாருங்க."

தேசப்பன் எட்டிப் பார்த்தார். "நாப்பது."

"அவ்ளோதானா? கல்யாணத்தப்போ இதைவிட இருந்தேன்" என்று கணவரை முறைத்தாள். பிறகு தேசப்பன் பக்கம் திரும்பியபோது சிரிப்பு இல்லை. "நாளைக்கு காலையில வெயில் ஏறினதும் ஏர்றேன். நீங்க தட்டுங்க சார். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு. தட்டறதை மட்டும் நிறுத்தாதீங்க."

அவளுக்குத் தெரியுமா? தெரியாமல் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? சாதாரணமாகச் சொன்னதாகவும் இருக்கலாம். தேசப்பன் மொபெட்டில் கிளியனூர் போகும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் வந்த பஸ்ஸுக்குப் பயப்படக்கூட மறந்துபோனது.

மறுநாள் காலை இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். காய்ச்சல் என்று சொல்லலாமா? ஞானாம்பாள் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "ஜில்லுனு இருக்கு" என்றாள். அந்த வழி அடைபட்டது. வண்டி பஞ்சர் ஆகியிருக்கும் என்று நம்பிக்கையோடு போய்ப் பார்த்தார். இரண்டு சக்கரமும் கல்லாக இருந்தன.

பாஞ்சாலை தயாராக நின்றாள். கையில் தென்னந்துடைப்பம், இடுப்பில் ஒரு மரப்பலகைத் துண்டு. கலியமூர்த்தி முக்காலியில் உட்கார்ந்து ஏணியின் காலைப் பிடித்திருந்தார். தேசப்பன் உள்ளே போனார். கழி அதே மூலையில், அவர் சாய்த்து வைத்த அதே இடத்தில் இரண்டு வருஷமாகச் சாய்ந்திருந்தது. எடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிவிசி கால் ஒருமுறை முனகியது.

"ஏறட்டுமா சார்?"

முதல் குழாயில் தட்டினார். டொக். டொக். டொக்.

ஏணி கிரீச்சிட்டது. தலைக்கு மேலே ஷீட்டில் பாரம் ஏறும் சத்தம் கேட்டது. துடைப்பம் 'சரக், சரக்' என்றது. பெரிய பெரிய துண்டுகளாகப் பாசி பெயர்ந்து வெளியே 'தொப்' என்று விழுந்தது. ஒவ்வொரு 'தொப்'புக்கும் தேசப்பன் நெஞ்சு ஒருமுறை குதித்தது, விழுந்தது பாசிதானா என்று.

இரண்டாவது குழாய். டொக். டொக். காலடி மெல்ல மேலே நகர்ந்தது. ஒருமுறை 'சர்ர்' என்று வழுக்கி, நின்றது.

"ஏ, பாத்து!" வெளியே கலியமூர்த்தி கத்தினார்.

"கத்தாதய்யா, சத்தம் கேக்கல எனக்கு!"

மூன்றாவது குழாய். இந்தக் குழாயை ஒட்டித்தான் தார் பூசிய அந்த ஒட்டு. தேசப்பன் கழியைத் தூக்கித் தட்டினார். மேலே ஷீட் லேசாகக் கீழே வளைந்து, மூச்சு விட்டாற்போல மறுபடி நிமிர்ந்தது. ஒரு பழுப்புச் சொட்டு அவர் மூக்கின்மேல் விழுந்தது. உதட்டில் இறங்கியது. உப்பு.

க்ரக்.

அதே சத்தம். இரண்டு வருஷமாகத் தூக்கத்தில் கேட்ட சத்தம். வாசல் நான்கு எட்டு. எழு என்று கால்களுக்குச் சொன்னார். பூவரச மரம் வாசல் வழியாகத் தெரிந்தது. அதன் நிழலில் அவர் நின்ற இடம்கூடத் தெரிந்தது. எழுந்திரு, போ. கால்கள் கேட்கவில்லை. முட்டிக்குக் கீழே மார்கழி மாதத்து உப்புச் சேற்றில் நிற்பதுபோல ஒரு சில்லிப்பு. அங்கே கால் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. பயந்தால் ஓடுகிற உடம்பு, அதற்கு மேலும் பயந்ததில் ஓடுவதை மறந்துவிட்டது. கண் இருண்டது. எங்கேயோ யாரோ டொக் டொக் என்று தட்டிக்கொண்டே இருந்தார்கள். யார் இது, இந்த நேரத்தில் இப்படித் தட்டுவது என்று எரிச்சலாகக்கூட வந்தது. பார்த்தால் அவருடைய கை.

"சார்! இருக்கீங்களா?"

பதிலாகக் கை தட்டியது.

"அடுத்ததுக்குப் போவணும் சார். காட்டுங்க."

நாலாவது குழாய் மூன்று அடி தள்ளி. கழியை அங்கே கொண்டுபோக வேண்டும் என்றால் தட்டுவதை நிறுத்த வேண்டும். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் மேலே ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். நிறுத்தினார். கேபினுக்குள் அப்படி ஓர் அமைதியை அவர் அதற்கு முன்பு கேட்டதே இல்லை, போன தடவை வெளியில் இருந்துவிட்டதால். கழி நடுங்கி எங்கெங்கோ போனது, ஷீட்டில் இடித்தது, பிறகு இரும்பில் பட்டது. பட்டதும் தட்டினார் பாருங்கள், கூரை மட்டும் இல்லை, சாமி படமும் ஆடியது.

பாதம் வந்து நின்றது. சத்தத்துக்கு நேர் மேலே.

அரை மணி நேரத்தில் பாஞ்சாலை இறங்கினாள். முழங்கால் வரை பச்சை. "பதினஞ்சடியாம், பதினஞ்சடி" என்றாள் கணவரைப் பார்த்து. "எகிறிக் குதிச்சிருப்பேன்." பிறகு பால் வாங்கப் போய்விட்டாள்.

கேபினுக்குள் வெளிச்சம் வந்திருந்தது. பாசி அடைத்து வைத்திருந்த விரிசல்களில் எல்லாம் வெயில் நூல் நூலாக இறங்கியது. தேசப்பன் உட்கார்ந்தபடியே எண்ணினார். பதினாலு. பதினொன்று என்று நம்பிக்கொண்டு இத்தனை நாள் இதற்குக் கீழே இருந்திருக்கிறார்.

ஊன்றுகோல் சத்தம் கேட்டது. கலியமூர்த்தி டீயோடு வாசலில் நின்றார். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் கேபினுக்குள் வந்ததில்லை. இப்போதும் கூரையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வந்தார். டம்ளரை மேஜைமேல் வைத்தார்.

"அன்னிக்கி சத்தம் நின்னுச்சு சார்" என்றார்.

தேசப்பன் கழியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நானும் நின்னேன். ஒத்தக் கால்ல. சத்தம் நின்னா நிக்கணும்ல? எண்ணிக்கினே நின்னேன். இருவத்தி ரெண்டு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் கால் மரத்துப் போச்சு, வச்சிட்டேன்."

"கலியமூர்த்தி..."

"ஆம்புலன்ஸ் வரல, லாரி வந்துச்சு. ரெண்டு வருஷமா ஒரே மூச்சுல சொல்றேன். ஒரு பயலும் கேக்கல சார். நீங்களாச்சும் வெளிய வந்து, இல்லப்பா அப்டி இல்லன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். வரல. உயரத்தை ஏத்தினேன். அதுக்காவது வந்து, ஒம்பது அடிதான்டா புளுகாதேன்னு திட்டுவீங்கன்னு பாத்தேன். அதுக்கும் வரல."

வெயில் நூல் ஒன்று மேஜைமேல் டீ டம்ளரைத் தொட்டுக்கொண்டிருந்தது. தேசப்பன் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இன்னிக்கும் ஓடத்தான் பாத்தேன் கலியமூர்த்தி. தைரியம்லாம் ஒண்ணும் இல்ல. கால் வரல. அவ்ளோதான்."

கலியமூர்த்தி யோசித்தார். "கை?"

"கை... அது தட்டிக்கினே இருந்துச்சு."

"அவளுக்கு அது போதும்" என்று கலியமூர்த்தி திரும்பினார். வாசலில் நின்று, "எனக்கு எது போதும்னு யோசிச்சு சொல்றேன். டீ ஆறுது, குடிங்க" என்றார்.

பொங்கல் போனது. கலியமூர்த்தி ஒன்றும் சொல்லவில்லை. கதையும் சொல்லவில்லை. அந்த மௌனம் தேசப்பனுக்கு எண்பத்து நாலு கிலோவைவிடக் கனமாக இருந்தது. பதினாலு விரிசலுக்கும் தார் பூசினார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்வையெல்லாம் டீக்கடைச் சுவர்மேல்.

தை பாதியில் ஒரு நாள், திண்டிவனம் போகும் உப்பு லாரி மேடையில் ஏறி இறங்கியது. புது டிரைவர். சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்குப் போனவர், கலியமூர்த்தியின் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டார்.

"இன்னாண்ணே, இடுப்புல?"

சுவருக்கு இந்தப் பக்கம் தேசப்பன் விரல் கீபோர்டுமேல் நின்றது.

"கூரையிலேர்ந்து விழுந்தேன்பா. இதே கேபின்தான். ஒம்பது அடி உயரம்."

ஒன்பது. தேசப்பன் மூச்சை இழுத்துப் பிடித்தார். அடுத்து லாரி வர வேண்டும்.

லாரி வரவில்லை. டீ ஆற்றும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கலியமூர்த்தி சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சார்! அன்னிக்கி இன்னா நடந்துச்சுன்னு தம்பி கேக்கறாரு. நீங்களே வந்து சொல்லுங்க."

வாசல் நான்கு எட்டு. மரத்தடியில் நின்ற அந்த நேரத்தில்கூட இவ்வளவு பயமாக இருந்ததில்லை. எழு என்று கால்களிடம் சொல்லிப் பார்த்தார், இந்தத் தடவையும் கேட்காது என்ற நம்பிக்கையோடு.

கேட்டுவிட்டன. பிவிசி கால் முனகியது. தேசப்பன் எழுந்து வெளியே போனார்.